ஏசியில் வருஷா வருஷம் கேஸ் குறையுமா? குளிர், சூடு இரண்டுக்குமான பராமரிப்பு

மாடிவாசி:

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீட்டில் இருப்பது குளிர், சூடு இரண்டும் தருகிற இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி. ஒன்றரை டன், ஆர்32 கேஸ். கொஞ்ச நாளாகக் குளிர் சரியில்லை. ஃபேனை முழு வேகத்தில் வைத்தாலும் காற்று மெதுவாகத்தான் வருகிறது. இரவு முழுக்க ஓடினால் விடியற்காலையில் இண்டோர் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பார்க்க வந்தவர் மூடியைக்கூடத் திறக்காமல், "கேஸ் குறைந்துவிட்டது, வருஷம் ஒரு தடவை போட்டுத்தான் ஆகவேண்டும்" என்று சொல்லிவிட்டார். போன வருஷமும் இதையே சொல்லித்தான் கேஸ் ஏற்றினார்கள்.

கேஸ் என்பது ஓட ஓடத் தீர்கிற பொருளா? சீசனுக்கு முன்னால் நாமே செய்யக்கூடியது எது, ஆள் வைத்துத்தான் செய்யவேண்டும் என்பது எது? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

செம்புக்குழாய்:

இந்தத் தொழிலில் பல வருஷமாக இருக்கிறேன். முதல் கேள்விக்கு ஒரே பதில்தான்: தீராது. கேஸ் எரிவதில்லை, கரைவதில்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும்போது அறையின் வெப்பத்தை வாங்கி ஆவியாகிறது, வெளியே போய் வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகிறது. அவ்வளவுதான். வீட்டில் ஓடுகிற ஃபிரிட்ஜும் இதே தத்துவம். அதற்கு யாராவது வருஷா வருஷம் கேஸ் போடுகிறார்களா? குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸை மட்டும் ஏற்றிவிட்டுப் போவது வேலையே அல்ல.

நீங்கள் சொல்கிற அறிகுறிகளைப் பார்த்தால் எனக்குக் கேஸ் மேல் சந்தேகம் வரவில்லை. காற்று மெதுவாக வருகிறது என்கிறீர்கள். கேஸ் குறைந்தால் காற்றின் வேகம் உடனே குறையாது, காற்றில் குளிர்தான் குறையும். வேகமே குறைந்திருக்கிறது என்றால் ஒன்று அடைப்பு, அல்லது உள்ளே ஐஸ் கட்டியிருக்கிறது. விடியற்காலையில் தண்ணீர் சொட்டுவதும் அதோடு ஒத்துப்போகிறது.

ஒன்று செய்யுங்கள். இன்று இரவு நன்றாக ஓடட்டும். காலையில் நிறுத்துவதற்கு முன், முன்மூடியைத் தூக்கி, ஃபில்டரை எடுத்துவிட்டு, பின்னால் கேஸ் குழாயும் அலுமினியத் தகடுகளும் சேர்ந்திருக்கிற காயிலில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஐஸ் காயில் முழுக்கப் பரவி, அவுட்டோர் யூனிட்டுக்குப் போகிற தடித்த குழாய்வரை வந்திருந்தால் பெரும்பாலும் காற்றோட்டக் குறைதான். காயிலின் ஒரு ஓரத்தில் மட்டும் பனி, மீதி இடம் வெதுவெதுப்பு, அவுட்டோர் வால்வில் மெல்லிய குழாய் வெளுத்துப் பனி பூத்திருக்கிறது என்றால் கேஸ் குறைவு என்று நம்பலாம். இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்க்கப் பொறுமை இருந்தால் பாதிப் பேருக்குக் கேஸ் ஏற்றவே தேவைப்படாது.

ஐஸைக் கத்தியால் சுரண்டவேண்டாம். அலுமினியத் தகடும் அதற்குப் பின்னால் இருக்கிற குழாயும் அவ்வளவு மெல்லியது. ஃபேன் மோடில் ஓடவிட்டால் தானாக உருகிவிடும்.

தூரிகை:

ஃபில்டரைக் கழுவினாலே போதும். நான் மாதம் ஒரு தடவை கழுவுகிறேன், சர்வீஸே தேவைப்பட்டதில்லை.

ஈரக்காற்று:

தூரிகை, ஃபில்டர் கழுவுவது முதல் வேலை, அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஸ்பிளிட் ஏசியின் ஃபில்டர் வெறும் வலைதான். பெரிய தூசியைப் பிடிக்கும், நுண்ணிய தூசியும் சமையல் புகையின் எண்ணெய்ப் பிசுக்கும் அதைத் தாண்டிப் போய்விடும். போய் ஈரமான காயிலில் ஒட்டும், பிறகு புளோயரில் ஒட்டும். புளோயர் என்பது உள்ளே நீளவாக்கில் உருளை வடிவில் இருக்கிற விசிறி. அதன் பிளேடுகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் குழிவாக இருக்கும். அந்தக் குழிவில்தான் காற்று பிடிபட்டுத் தள்ளப்படுகிறது. குழிவு தூசியால் நிரம்பிவிட்டால் விசிறி அதே வேகத்தில் சுற்றும், காற்று மட்டும் வராது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும்.

காற்று குறைந்தால் காயிலுக்கு வெப்பம் கிடைக்காது. உள்ளே கேஸ் இன்னும் குளிர்ந்துபோகும், காயிலின் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்கும், அதன்மேல் படிகிற ஈரம் வடியாமல் உறையும். உறைந்ததும் காற்று இன்னும் குறையும். அப்புறம் அது தன்னைத்தானே வளர்த்துக்கொண்டே போகும்.

இன்னொரு சின்னச் சோதனையும் உண்டு. இரண்டு தெர்மாமீட்டர் போதும். ஒன்றை ஏசி காற்றை இழுக்கிற மேல்பக்கத்தில் வையுங்கள், மற்றொன்றைக் காற்று வெளியே வருகிற வாயில். கேஸை அழுத்திச் சுற்றவைக்கிற கம்ப்ரஸர் முழு வேகத்தில் கால் மணி நேரம் ஓடியதும் இரண்டுக்கும் சுமார் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்கவேண்டும். காற்றில் ஈரம் ரொம்ப அதிகமான நாளில் இது கொஞ்சம் குறையும். காரணம், இயந்திரத்தின் சக்தியில் ஒரு பங்கு ஈரத்தைத் தண்ணீராக்கவே போய்விடுகிறது. வித்தியாசம் 12ஐத் தாண்டி, காற்றும் மெதுவாக வந்தால் அடைப்பு. காற்று வேகமாக வந்து வித்தியாசம் 4, 5 என்றிருந்தால் அப்போது கேஸையும் கம்ப்ரஸரையும் பற்றிப் பேசலாம்.

மாடிவாசி:

பார்த்துவிட்டேன். காயில் முழுக்க வெள்ளை, தடித்த குழாயிலும் ஐஸ். புளோயரில் டார்ச் அடித்தால் பிளேடு கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை விட்டு ஒரே ஒரு பிளேடைச் சுரண்டினேன். சாம்பல் நிறத்தில் பட்டையாக உரிந்து வந்தது, தொட்டால் பிசுபிசுப்பு. ஃபில்டரோ பளிச்சென்று இருக்கிறது!

சரி, இதை நானே கழுவலாமா? மோட்டார் வைத்து அழுத்தமாகத் தண்ணீர் அடிக்கிற இயந்திரம் ஒன்று வீட்டில் இருக்கிறது.

செம்புக்குழாய்:

தயவுசெய்து அதை எடுக்கவேண்டாம். வண்டி கழுவுகிற அழுத்தத்தில் அடித்தால் தகடுகள் எல்லாம் மடிந்து படுத்துவிடும், அதற்குப் பிறகு காற்று போக வழியே இருக்காது. இண்டோர் யூனிட்டின் வலது ஓரத்தில் மின்சுற்றுப் போர்டு இருக்கிறது, அதில் தண்ணீர் பட்டால் வேறு செலவு. இதற்கென்றே யூனிட்டைச் சுற்றிக் கட்டுகிற பை ஒன்று வைத்திருப்பார்கள். போர்டை மூடி, பையைக் கட்டி, மிதமான அழுத்தத்தில், காயிலுக்கு ஏற்ற திரவம் தெளித்து ஊறவிட்டுக் கழுவவேண்டும். புளோயரைக் கழற்றிக் கழுவினால் இன்னும் நல்லது. புளோயர் பிளேடில் சின்ன வெயிட் ஒன்று கவ்வியிருக்கும், அதைத் தள்ளிவிடக்கூடாது. தள்ளினால் சமநிலை போய் உறுமல் சத்தம் வரும்.

அவுட்டோர் யூனிட்டை நீங்களே கழுவலாம். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, சாதாரண ஹோஸ் பைப்பில், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் போகிறமாதிரி பிடியுங்கள். வெளியிலிருந்து அடித்தால் தூசி இன்னும் உள்ளே போய் இறுகும். மின்சாரப் பெட்டி இருக்கிற பக்கம் வேண்டாம். அந்த மூடியைத் திறக்கவும் வேண்டாம். ஸ்விட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும், இன்வெர்ட்டர் போர்டில் அது ஆபத்தான அளவுக்கு இருக்கும்.

தூரிகை:

பிளீச்சிங் திரவம் தெளித்தால் பூஞ்சை நாற்றம் உடனே போய்விடுமே?

ஈரக்காற்று:

நாற்றம் போகும், காயிலும் போகும். குளோரின் கலந்ததும் காரம் மிகுந்ததும் அலுமினியத்தை அரிக்கும். வினிகரையும் காயிலில் தெளிக்காதீர்கள். ஈரமும் அசெட்டிக், ஃபார்மிக் போன்ற கரிம அமிலங்களும் சேர்ந்தால் செம்புக்குழாயில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் அரித்துக்கொண்டே போகும். எறும்புப் புற்றின் வளைகள்போலக் கிளைவிட்டுப் போவதால் அதற்கு ஃபார்மிகரி அரிப்பு என்றே பெயர். "ஓட்டை எங்கே என்றே தெரியவில்லை, கேஸ் மட்டும் போகிறது" என்கிற வீடுகளில் இதுவும் ஒரு காரணம். புதுப் பெயின்ட் வாடை, சில சுத்திகரிப்புத் திரவங்களின் ஆவி ஆகியவையும் இதைக் கொண்டுவரும். பெயின்ட் வேலை நடக்கும்போது ஏசியை அணைத்து மூடிவையுங்கள்.

டிரெய்ன் பைப்பில் வினிகர் ஊற்றுவது பரவாயில்லை, அது பிளாஸ்டிக்.

புதுவீடு:

டிரெய்ன் பைப்பைப் பற்றி யாராவது சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஐஸ் எதுவும் இல்லை, ஆனால் சுவர் நனைகிறது.

செம்புக்குழாய்:

அப்படியானால் பைப் அடைப்பு, இல்லையென்றால் சாய்வு சரியில்லை. தண்ணீர் தானாக வழிந்து போகிற பைப் அது. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இறக்கம் வேண்டும், நடுவில் எங்கும் மேலே ஏறி இறங்கக்கூடாது. பைப்பின் முனை வாளித் தண்ணீரில் முங்கியிருந்தாலும் காற்று அடைத்து வடியாது. உள்ளே வழவழவென்று ஒரு பாசி வளரும், அதுதான் வழக்கமான அடைப்பு. முனையில் ஈரம் இழுக்கிற வாக்குவம் கிளீனரை வைத்து இழுத்தால் கொழகொழவென்று வெளியே வந்துவிடும். உள்பக்கத் தட்டில் ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றிய வேகத்தில் வெளியே வந்தால் பைப் நன்றாக இருக்கிறது. இணைப்பில் கசிந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

மாடிவாசி:

நண்பர்களே, வேறு ஒரு டெக்னீஷியனை வரவைத்து முழுசாகக் கழுவியாயிற்று. வெளியே வந்த தண்ணீர் கருப்பாக இருந்தது. இப்போது காற்று பழையபடி வருகிறது. ஆனால் அவர் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். போன வருஷம் கேஸ் ஏற்றினார்களே, அதனால் சந்தேகப்பட்டு உள்ளே இருந்த கேஸ் முழுவதையும் சிலிண்டரில் இழுத்து எடைபோட்டார். அவுட்டோர் யூனிட் தகட்டில் போட்டிருக்கிற அளவைவிட ஏறக்குறைய 200 கிராம் கூடுதல்! எங்கள் பைப் நீளமும் கூடுதல் கேஸ் கேட்கிற அளவுக்கு இல்லை. குறைந்ததாகச் சொன்னது குறையவே இல்லை. கூடுதலாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன், "கம்ப்ரஸருக்குக் கெடுதல்" என்றார். ஏன் என்று புரியவில்லை.

ஈரக்காற்று:

அவுட்டோர் காயிலில் தேவைக்கு மேல் திரவம் தேங்கும். வெப்பத்தை விடுவதற்கான இடம் அதனால் சுருங்கும், அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் அதிக மின்சாரம் இழுக்கும். இன்னும் மோசமான நிலையில் முழுக்க ஆவியாகாத திரவம் கம்ப்ரஸருக்கே திரும்பி வரும். கம்ப்ரஸர் ஆவியை அழுத்தத்தான் செய்யப்பட்டது, திரவத்தை அழுத்தமுடியாது. எண்ணெயையும் அது நீர்த்துப்போகச் செய்துவிடும்.

இந்தத் தவறுக்கு ஒரு காரணம் இருக்கிறது. பழைய ஆர்22 இயந்திரத்தில் கம்ப்ரஸர் ஒரே வேகத்தில் ஓடும், கேஜ் மாட்டி அழுத்தத்தைப் பார்த்தே ஓரளவு கணித்துவிடுவார்கள். இன்வெர்ட்டரில் கம்ப்ரஸரின் வேகம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், அழுத்தமும் கூடவே மாறும். அதனால் கேஜில் தெரிகிற ஒரு எண்ணை வைத்து "கேஸ் கம்மி" என்று சொல்லமுடியாது. எடைதான் கணக்கு. தகட்டில் கிராமில் போட்டிருப்பார்கள், பைப் குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டினால் மீட்டருக்கு எத்தனை கிராம் கூட்டவேண்டும் என்று கையேட்டில் இருக்கும். உங்கள் டெக்னீஷியன் செய்தது சரியான முறை. அப்படி ஒரு ஆள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

செம்புக்குழாய்:

இதோடு சேர்த்து ஒன்று சொல்லிவிடுகிறேன். நிஜமாகவே ஓட்டை இருந்து, கேஸ் போடவேண்டி வந்தால் எந்த வரிசையில் வேலை நடக்கவேண்டும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கவேண்டும். முதலில் ஓட்டையைத் தேடுவது. அவுட்டோர் யூனிட்டில் நட் போட்டு முறுக்குகிற இணைப்புகளில் எண்ணெய்க் கறை படிந்து தூசி ஒட்டியிருக்கும். கேஸ் கசியும்போது எண்ணெயும் கொஞ்சம் வெளியே வரும் என்பதால் அதுவே நல்ல அடையாளம். சோப்பு நுரை தடவினால் முதலில் ஒன்றும் தெரியாது, கொஞ்ச நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால் ஓரத்தில் கடுகளவு குமிழ் ஒன்று மெல்ல ஊதும். அதுதான் ஓட்டை.

சரிசெய்த பிறகு உலர்ந்த நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா பார்ப்பார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் உடனே தடுத்து நிறுத்துங்கள். அழுத்தத்தில் ஆக்ஸிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். நான் இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, உயிர் போயிருக்கிறது.

பிறகு உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்கிற வாக்குவம் பம்ப். உள் அழுத்தத்தை 500 மைக்ரான் (வெற்றிடத்தை அளக்கிற அலகு) அளவுக்கு இறக்கி, பம்பை நிறுத்தியபின் அது ஏறாமல் நிற்கிறதா என்று பார்ப்பது முறை. நேரம் மிச்சம் பிடிக்கக் கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டே உள்ளே இருக்கிற காற்றைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. ஆர்32, ஆர்410ஏ இயந்திரங்களில் பொதுவாக இருக்கிற எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் வகை, ஈரம் சேர்ந்தால் அமிலமாகும், பிறகு கம்ப்ரஸரின் சுருளையே தின்னும். அதுவும் ஆர்32 லேசாகத் தீப்பற்றக்கூடிய கேஸ், மூடிய அறையில் திறந்துவிடுவது கூடாது. கடைசியில்தான் எடைபோட்டுக் கேஸ்.

தூரிகை:

ஆர்32 தீப்பற்றும் என்றால் ஏன் அதைப் போடுகிறார்கள்? பழைய கேஸே பாதுகாப்பாக இருந்ததே.

ஈரக்காற்று:

ஆர்22 ஓசோன் படலத்தைக் கெடுத்தது. 1987இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் அது படிப்படியாக விலக்கப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த ஆர்410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் கார்பன் டை ஆக்ஸைடைப்போல ஏறக்குறைய 2,088 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஆர்32க்கு அது சுமார் 675. 2016இல் கிகாலியில் செய்த திருத்தம் இந்த வகைக் கேஸ்களையும் குறைக்கச் சொல்கிறது. லேசாகத் தீப்பற்றும் என்றாலும் முறையாகக் கையாண்டால் பிரச்சினை இல்லை. பூமிக்குப் போகிற கெடுதலை நினைத்தாலும் ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது எனக்கு ஆறவே ஆறாது.

பனிமுகடு:

எல்லோரும் குளிரைப் பற்றியே பேசுகிறீர்கள். நாங்கள் இருப்பது பனி விழுகிற இடம், இதே இயந்திரத்தைச் சூட்டுக்குத்தான் அதிகம் ஓட்டுகிறோம். மாடிவாசியும் குளிர்காலத்தில் அதைப் பார்ப்பார் என்பதால் எழுதுகிறேன்.

சூட்டு மோடில் வேலை தலைகீழ். அவுட்டோர் காயில் வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுக்கும், அதனால் அங்கேதான் பனி படியும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை இயந்திரமே சூட்டை நிறுத்திவிட்டு, வால்வைத் திருப்பி, அந்தப் பனியை உருக்கும். அப்போது உள்ளே ஃபேன் நிற்கும், வெளியே ஃபேன் நிற்கும், புஸ்ஸென்று சத்தம் வரும், அவுட்டோர் யூனிட்டிலிருந்து ஆவி புகைபோல எழும்பும். முதல் குளிர்காலத்தில் இதைப் பார்த்துவிட்டுத் தீப்பிடித்துவிட்டது என்று ஆளைக் கூப்பிட்டவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். ஐந்து பத்து நிமிஷத்தில் தானாகப் பழைய நிலைக்கு வரும். அதைப் பழுது என்று சொல்லி யாரையும் தொடவிடாதீர்கள்.

பழுது எப்போது? பனி உருகாமல் கட்டியாக ஏறிக்கொண்டே போனால். உருகின தண்ணீர் வடிகிற அடித்தட்டு ஓட்டைகளைச் சருகு அடைத்திருக்கும், தண்ணீர் அங்கேயே உறைந்து மேலே ஏறி ஃபேன் பிளேடைத் தட்டும். யூனிட்டைத் தரையிலிருந்து உயர்த்தி ஸ்டாண்டில் வைப்பது இதற்காகத்தான். பனிக்காலம் தொடங்குமுன் சருகை எடுத்துவிடுங்கள். யூனிட்டைப் பிளாஸ்டிக் உறை போட்டுச் சுற்றிக் கட்டாதீர்கள். உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும், எலி குடித்தனம் வந்து ஒயரைக் கடிக்கும்.

ஃபில்டர் இங்கேயும் முக்கியம். சூட்டு மோடில் இண்டோர் காயில்தான் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. காற்று போகவில்லை என்றால் அழுத்தம் ஏறி இயந்திரம் தானாக நின்றுவிடும். காற்றுத் தடுப்பைக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள், சூடான காற்று எப்படியும் மேலே ஏறிக்கொள்ளும்.

நிலவறை:

எங்கள் வீட்டில் ஸ்பிளிட் இல்லை. நிலவறையில் காற்றைச் சூடாக்குகிற எரிவாயு ஃபர்னஸ், வீடு முழுக்க அந்தக் காற்றைக் கொண்டுபோகிற டக்ட், அதே டக்டில் கோடையில் ஏசி. ஒவ்வாமைக்காக இருப்பதிலேயே நெருக்கமான ஃபில்டர் வாங்கிப் போட்டேன், இப்போது ஃபர்னஸ் சூடேறிச் சூடேறி அணைகிறது. சம்பந்தம் இருக்குமா?

செம்புக்குழாய்:

நிச்சயம் இருக்கும். ஒரு அங்குல ஃபில்டரில் மெர்வ் 13 போன்ற நெருக்கமான ரகம் (மெர்வ் எண் கூடக் கூட ஃபில்டர் நுண்ணிய தூசியையும் பிடிக்கும்) போட்டால் பல புளோயர்களால் காற்றை இழுக்கமுடியாது. சுடரின் வெப்பத்தை வீட்டுக் காற்றுக்கு மாற்றுகிற ஹீட் எக்ஸ்சேஞ்சர் கொதித்து, பாதுகாப்புக்காக இருக்கிற லிமிட் ஸ்விட்ச் பர்னரை அணைக்கிறது. இப்போதைக்கு மெர்வ் 8 போட்டுப் பாருங்கள். நெருக்கமானதுதான் வேண்டும் என்றால் நான்கு அங்குலத் தடிமனில் போடும்படி பெட்டியை மாற்றவேண்டும், பரப்பு கூடினால் காற்று சிரமமில்லாமல் போகும். ஃபில்டர் ஓரத்தில் இருக்கிற அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்திருக்கவேண்டும்.

அதைச் சரிசெய்த பிறகும் பற்றிக்கொண்டு சில விநாடியில் அணைந்தால், சுடர் எரிகிறதா என்று பார்க்கிற ஃப்ளேம் சென்சரில் கரி படிந்திருக்கும், மெல்லிய ஸ்டீல் நாரால் லேசாகத் துடைத்தால் போதும். ஆனால் லிமிட் ஸ்விட்ச் அடிக்கடி அணைத்த ஃபர்னஸை வருஷம் ஒரு தடவை ஆள் வைத்துப் பார்த்தே ஆகவேண்டும். தொடர்ந்து கொதித்தால் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் விழும், விரிசல் வழியாகக் கார்பன் மோனாக்ஸைடு வீட்டுக் காற்றில் கலக்கலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. சுடர் நீலமாக நிமிர்ந்து நிற்கவேண்டும். மஞ்சளாக ஆடினால் அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

நிலவறை:

ஃபில்டரை மாற்றினேன், அணைவது நின்றுவிட்டது. ஆனாலும் ஆளை வரச்சொல்லியிருக்கிறேன். மோனாக்ஸைடு அலாரம் ஃபர்னஸ் பக்கத்திலேயே மாட்டவேண்டுமா?

பனிமுகடு:

ஃபர்னஸை ஒட்டி வேண்டாம், பற்றவைக்கும்போது வருகிற சின்னக் கசிவுக்கெல்லாம் கத்தும். படுக்கையறைகளுக்கு வெளியே, தூங்குகிறவர்களை எழுப்புகிற தூரத்தில் ஒன்று, அப்புறம் ஒவ்வொரு தளத்துக்கும் ஒன்று. பின்பக்கத்தில் காலாவதித் தேதி இருக்கும், பாருங்கள். உள்ளே இருக்கிற சென்சர் சில வருஷங்களில் செத்துவிடும். பட்டனை அழுத்தினால் ஒலி வரும், ஆனால் அந்தப் பட்டன் பல மாடல்களில் பேட்டரியையும் ஒலியையும்தான் சோதிக்கிறது. தேதி தாண்டியிருந்தால் கத்தினாலும் கழற்றிவிட்டுப் புதிது மாட்டுங்கள்.